ஒரு முழம் கூடுதல்



பூக்காரம்மாவிடம் ஒரு முழம் மல்லிகை கேட்டால் எவ்வளவு கிடைக்கும் என்று இந்த அவையில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை. ஏறத்தாழ அரை மீட்டர். அந்த ஒரு முழத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய பேச்சு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

2006-ல் துபாய் ஆட்சியாளருக்காக ஓர் உல்லாசப் படகு கட்டி முடிக்கப்பட்டது. அதன் பெயரும் 'துபாய்'தான். நீளம் 162 மீட்டர். தனி ஒருவரின் பொழுதுபோக்குக்கென அன்றைக்கு மிதந்த படகுகளில் அதற்கு மேல் நீளமானது கிடையாது. நான்கு ஆண்டுகள் போயின. 2010-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரிலுள்ள புளோம் அண்டு ஃபோஸ் கப்பல் கட்டும் தளத்திலிருந்து 'எக்லிப்ஸ்' வெளிவந்தது. ரஷ்யச் செல்வந்தர் ரோமன் அப்ரமோவிச்சின் படகு அது. நீளம் 162.5 மீட்டர். கூடுதல் எவ்வளவு? அரை மீட்டர். ஒரு முழம்!

அந்த ஒரு முழத்தில் ஒரு கட்டில் போட முடியுமா? ஓர் ஆள் காலை நீட்டிப் படுக்க முடியுமா? முடியாது. ஆனால் உலகின் முதலிடம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறிவிட்டது.

அதுவும் நிலைத்ததா? மூன்றே ஆண்டுகள். 2013-ல் ஜெர்மனியின் லூர்சன் நிறுவனம் 'அஸ்ஸாம்' என்ற படகை முடித்துக் கொடுத்தது. ஐக்கிய அரபு அமீரகத்தின் அன்றைய அதிபர் ஷேக் கலீஃபாவுக்குரியதாக அறியப்பட்ட படகு. நீளம் 180 மீட்டர். பெரம்பூர் தொழிற்சாலையில் தயாரான பழைய நீலநிற ரயில் பெட்டிகள் எட்டை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்துங்கள். கிட்டத்தட்ட அவ்வளவு நீளம். ஒரு குடும்பத்தின் படகு அது.

உலகின் பெருஞ்செல்வர்கள் ஒருவரை ஒருவர் விஞ்சப் படகு கட்டும் இந்தப் போட்டிதான் இன்றைய பொருள். படகுகள் ஏன் நீண்டுகொண்டே போகின்றன? எதை வைத்து அளந்து கட்டுகிறார்கள்? அந்த நீளத்துக்கான விலையை யாரெல்லாம் கொடுக்கிறார்கள்?

இந்தப் போட்டி நேற்று முளைத்ததல்ல. உல்லாசப் படகுக்கு யாட் என்று உலகம் சொல்லும் சொல் டச்சு மொழியில் பிறந்தது. வேட்டையாடுவது, துரத்துவது என்று அதற்குப் பொருள். கடல் கொள்ளையரை விரட்டிப் பிடிக்கச் சிறிதாக, இலேசாக, விரைவாக ஓடும் படகுகளுக்கு ஹாலந்து நாட்டார் வைத்த பெயர் அது. 1660-ல் நாடு திரும்பி இங்கிலாந்தின் அரியணை ஏறிய இரண்டாம் சார்லஸுக்கு ஆம்ஸ்டர்டாம் நகரம் அப்படிப்பட்ட படகு ஒன்றைப் பரிசாகக் கொடுத்தது. பெயர் 'மேரி'.

பரிசாக வந்த படகு ஆசையை மூட்டிவிட்டது. மறு ஆண்டே, 1661 அக்டோபரில், தேம்ஸ் ஆற்றில் அண்ணனும் தம்பியும் மோதினார்கள். அண்ணன், அரசர் சார்லஸ். தம்பி, யார்க் கோமகன் ஜேம்ஸ். கிரீனிச்சிலிருந்து கிரேவ்செண்டுக்குப் போய்த் திரும்ப வேண்டும். பந்தயம் 100 பவுன். போகும்போது எதிர்க்காற்றில் அரசர் தோற்றார். திரும்பும்போது வென்றார். இடையிடையே சுக்கானை அரசரே பிடித்தார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் போட்டி வேகத்துக்கானது. காற்றை அறிய வேண்டும், நீரோட்டத்தை அறிய வேண்டும், சுக்கான் பிடிக்கத் தெரிய வேண்டும். வெற்றியில் கொஞ்சமாவது கைத்திறன் இருந்தது. வேகத்தில் நடந்த போட்டி எப்போது நீளத்துக்கு மாறியது?

கிரேக்க நாட்டுக்குப் போவோம். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அங்கே இரண்டு கப்பல் முதலாளிகள். ஒருவர் அரிஸ்டாட்டில் ஒனாசிஸ். மற்றவர் ஸ்டாவ்ரோஸ் நியார்கோஸ். இருவரும் லிவானோஸ் என்ற இன்னொரு கப்பல் முதலாளியின் மகள்களை மணந்தவர்கள். அக்காளும் தங்கையும் கட்டிக்கொண்ட இரண்டு மாப்பிள்ளைகள். நம் ஊரில் சொன்னால், சகலைகள். சகலைகளுக்குள் போட்டி வந்தால் எங்கே போய் முடியும் என்று நம் வீடுகளுக்குத் தெரியாதா?

இரண்டாம் உலகப் போரில் கனடாவின் கடற்படையில் ஓடிய போர்க்கப்பல் ஒன்றைப் பழைய இரும்பு விலைக்கு வாங்கினார் ஒனாசிஸ். கொடுத்த விலை 34,000 டாலர். அதை உல்லாசப் படகாக மாற்றச் செலவிட்டது சுமார் 40 லட்சம் டாலர். மகள் பெயரை அதற்குச் சூட்டினார்: 'கிறிஸ்டினா'. 99 மீட்டர். நீச்சல் குளத்தின் தரை அப்படியே மேலே எழும்பி நடன மேடையாகும். மது அருந்தும் அறையின் இருக்கைகளைத் திமிங்கிலத் தோலால் போர்த்தினார். வின்ஸ்டன் சர்ச்சில் அந்தத் தளத்தில் விருந்தாளியாக உட்கார்ந்திருக்கிறார். கப்பல் தொழில் செய்தவர்கள் அத்தனை பேரும் அந்தப் படகைப் பற்றித்தான் பேசினார்கள்.

சகலை சும்மா இருப்பாரா? 1970-களில் நியார்கோஸ் 'அட்லாண்டிஸ்' என்ற படகைக் கட்டினார். அது 'கிறிஸ்டினா'வைவிட நீளம். அவ்வளவுதான், அளவுகோல் மாறிவிட்டது. கடல் எவ்வளவு ஆழம், அலை எவ்வளவு உயரம் என்று பார்த்துக் கட்டிய காலம் போய், எதிராளியின் படகு எவ்வளவு நீளம் என்று பார்த்துக் கட்டும் காலம் வந்தது.

அன்று தொடங்கியது இன்றுவரை நிற்கவில்லை. 1984-ல் சவூதி அரச குடும்பத்துக்கு டென்மார்க்கில் ஒரு படகு: 147 மீட்டர். அமெரிக்காவின் கணினிச் செல்வந்தர்களுக்குள்ளும் அதே கதை. மைக்ரோசாஃப்ட் நிறுவனர்களில் ஒருவரான பால் ஆலன் 2003-ல் 'ஆக்டோபஸ்' படகைப் பெற்றார்: 126 மீட்டர். அடுத்த ஆண்டே ஆரக்கிள் நிறுவனத்தின் லாரி எலிசன் 'ரைசிங் சன்' படகைப் பெற்றார்: 138 மீட்டர். இரண்டையும் கொடுத்தது லூர்சன் நிறுவனம்.

லூர்சனின் கதையையும் கேளுங்கள். 1875-ல் பிரெமன் அருகே ஓர் இளைஞர் தொடங்கிய படகுப் பட்டறை அது. 1886-ல் ஜெர்மன் பொறியாளர் காட்லிப் டைம்லருக்காக இந்தப் பட்டறை ஒரு மோட்டார் படகு செய்து கொடுத்தது. மோட்டார் பொருத்திய உலகின் முதல் படகு என்று அதைச் சொல்கிறார்கள். நீளம் எவ்வளவு தெரியுமா? 6 மீட்டர். ஆறு மீட்டர் படகு உலகத்தின் போக்கையே மாற்றியது. அதே நிறுவனம் கட்டிய 180 மீட்டர் படகு எதை மாற்றியது?

அன்பர்களே, நீளம் கூடக்கூட ஆட்களும் கூடுவார்கள் என்றுதானே நாம் நினைப்போம்? வீட்டைப் பெரிதாகக் கட்டினால் உறவு தங்கும். மண்டபத்தைப் பெரிதாகக் கட்டினால் பந்தி கூடும். படகில் அப்படி இல்லை. பன்னாட்டுக் கடல் விதிகளின்படி 12 பயணிகளுக்கு மேல் ஏற்றினால் அது பயணிகள் கப்பல் ஆகிவிடும். தீத்தடுப்பு, உயிர்காப்புப் படகு என்று கடுமையான விதிகள் வந்து சேரும். அதனால் வாடகைக்கு விடப்படும் உல்லாசப் படகுகளில் பெரும்பாலானவை 12 விருந்தினரோடு நின்றுவிடுகின்றன. 40 மீட்டர் படகிலும் பன்னிரண்டு பேர். 80 மீட்டர் படகிலும் பன்னிரண்டு பேர்.

இன்னும் பெரிய படகு ஒன்றைப் பார்ப்போமா? 2016-ல் லூர்சன் முடித்த 'தில்பர்', ரஷ்யச் செல்வந்தர் அலிஷேர் உஸ்மானோவோடு தொடர்புடையது. 156 மீட்டர். கொள்ளளவில் உலகின் மிகப் பெரிய தனியார் படகுகளில் ஒன்று. உள்ளே 25 மீட்டர் நீள நீச்சல் குளம். ஹெலிகாப்டர் இறங்க இரண்டு தளங்கள். விருந்தினர் எத்தனை பேர்? இருபத்து நான்கு. அவர்களைக் கவனிக்கும் பணியாளர்கள் எத்தனை பேர்? தொண்ணூற்று ஆறு. ஒரு விருந்தினருக்கு நான்கு பேர்.

அந்தத் தொண்ணூற்று ஆறு பேரும் என்ன செய்கிறார்கள்? காலை வெளிச்சம் வருமுன் மேல்தளத்தில் மாலுமிகள் முழந்தாளிட்டிருப்பார்கள். இரவு படிந்த பனியையும் உப்பையும் ஈரத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஒரு சொட்டு நீர் காய்ந்தாலும் வெள்ளைப் பூச்சில் உப்புத் தடம் விழும். எஃகுக் கைப்பிடியில் ஒரு விரல் ரேகை இருக்கக் கூடாது. குழாய் இடுக்குகளைக் காது குடையும் பஞ்சுக் குச்சியால் துடைப்பார்கள். படகுக்கு ஏறும் நடைபலகையின் அடியில் ஒரு கூடை இருக்கும். எவ்வளவு பெரிய மனிதரானாலும் செருப்பைக் கழற்றி அதில் போட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். மேலே இருக்கும் தேக்குப் பலகையில் கீறல் விழக் கூடாது.

தேக்கு! அந்தச் சொல் நம்முடையது. நம் தென்மொழிகளிலிருந்து போர்ச்சுகீசியர் நாவழியாக உலகமெங்கும் போன சொல். உலகின் பணக்காரப் படகுகளின் தரையெல்லாம் அதுதான். அதிலும் மியான்மர் காட்டுத் தேக்குக்குத்தான் மதிப்பு. 2021-ல் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தபின், அந்நாட்டு அரசு மர நிறுவனத்தின் மீது ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. ஆனாலும் தேக்கு வந்துகொண்டுதான் இருந்தது. மியான்மர் தேக்கு தொடர்பான வழக்கில் பிரிட்டனின் ஒரு படகு நிறுவனத்துக்கே 2024-ல் நீதிமன்றம் அபராதம் விதித்தது. செருப்புப் படக் கூடாத அந்தத் தரைக்காக யாருடைய காடு வெட்டப்பட்டது?

இனி பணக் கணக்குக்கு வருவோம். 'தில்பர்' மீது 2022 மார்ச்சில் தடை விதித்தபோது அமெரிக்க நிதித்துறை சொன்ன மதிப்பு இது: படகின் விலை 60 கோடி முதல் 73.5 கோடி டாலர். அதை ஓர் ஆண்டு ஓட்டிப் பராமரிக்க மட்டும் சுமார் 6 கோடி டாலர். வாங்கியதோடு செலவு முடிவதில்லை. ஆண்டுதோறும் விலையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைக் கடலில் கரைக்க வேண்டும். தடை வந்ததும் சம்பளம் கொடுக்க வழியில்லாமல் போயிற்று. முதலில் வேலை இழந்தவர்கள் யார்? அந்தத் தொண்ணூற்று ஆறு பேர்.

இது எங்கோ ரஷ்யாவில் நடந்த கதை என்று நினைத்துவிட வேண்டாம். நம் நாட்டுத் தொழிலதிபர் விஜய் மல்லையாவின் 'இந்தியன் எம்பிரஸ்' படகு நினைவிருக்கிறதா? 95 மீட்டர். மொனாக்கோவில் கார் பந்தயம் நடக்கும்போது அதன் தளத்தில் நடந்த விருந்துகளின் படங்கள் நம் பத்திரிகைகளில் வண்ணத்தில் வந்தன. அதே மல்லையாவின் கிங்ஃபிஷர் விமான நிறுவனம் 2012-ல் தரையிறங்கியது. விமானிகளும் பொறியாளர்களும் பணிப்பெண்களும் மாதக்கணக்கில் சம்பளம் கிடைக்காமல் தெருவில் நின்று போராடினார்கள்.

ஆறு ஆண்டுகள் கழித்து, 2018 மார்ச்சில், மால்டா தீவில் அந்தப் படகே முடக்கப்பட்டது. எதற்காக? அதில் வேலை பார்த்த நாற்பதுக்கும் மேற்பட்ட மாலுமிகளுக்குச் சம்பளம் பாக்கி. இந்தியர், பிரிட்டானியர், கிழக்கு ஐரோப்பியர் எல்லாரும் அதில் உண்டு. பாக்கி பத்து லட்சம் டாலருக்கும் மேல். வானத்தில் வேலை பார்த்தவருக்கும் சம்பளம் இல்லை, கடலில் வேலை பார்த்தவருக்கும் சம்பளம் இல்லை. கடைசியில் மாலுமிகள் சங்கம் வழக்குக்குப் போனது. படகு நீதிமன்ற ஏலத்தில் போயிற்று.

மனிதர் கொடுக்கும் விலை இது. காற்றும் கடலும் கொடுக்கும் விலை என்ன?

அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மானிடவியலாளர்கள் இருவர் 2021-ல் ஒரு கணக்குப் போட்டார்கள். நிரந்தரப் பணியாளர்களும் ஹெலிகாப்டர் தளமும் நீச்சல் குளமும் கொண்ட ஒரு பெரிய உல்லாசப் படகு ஓர் ஆண்டில் வெளியிடும் கரியமில வாயு 7,020 டன். இந்தியர் ஒருவர் ஓர் ஆண்டில் காரணமாகும் அளவு சராசரியாக 2 டன் அளவில்தான். அப்படியென்றால், ஒரு படகு விடும் மூச்சு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நம் மக்கள் விடும் மூச்சு. படகு துறைமுகத்தில் கட்டிக் கிடந்தாலும் இயந்திரம் ஓய்வதில்லை. ஆளில்லா அறைகளிலும் குளிர்சாதனம் ஓட வேண்டும். தளபாடங்களும் ஓவியங்களும் ஈரக் காற்றில் கெடக் கூடாது அல்லவா?

மத்தியதரைக் கடலின் அடியில் பொசிடோனியா என்ற கடற்புல் வளர்கிறது. மீன்குஞ்சுகளுக்குத் தொட்டில் அது. ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் படர்கிறது. பெரும்படகு ஒன்று நங்கூரம் இறக்கினால் டன் கணக்கான இரும்பும் சங்கிலியும் அந்தப் புல்வெளியில் விழும். காற்று திசை மாறினால் சங்கிலி தரையை அரைவட்டமாக வாரிக்கொண்டு போகும். நூறாண்டு வளர்ந்தது ஒரு பிற்பகலில் பெயர்ந்துவிடும். அதனால்தான் பிரான்ஸ் அரசு, 24 மீட்டருக்கு மேற்பட்ட படகுகள் அந்தப் புல்வெளிகளில் நங்கூரமிடத் தடை கொண்டுவந்தது.

எதிர்வாதத்தையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். இந்தப் படகுகள் வேலை தரவில்லையா? தருகின்றன. பற்றவைப்பவர், தச்சர், மின்பணியாளர், இயந்திர வல்லுநர் என ஆயிரக்கணக்கான கைகள் ஜெர்மனியிலும் ஹாலந்திலும் இத்தாலியிலும் இதை நம்பி இருக்கின்றன. அவர்களின் கைத்திறன் வணங்கத்தக்கது. இந்தப் படகுகளால் நல்லதே நடக்கவில்லையா? நடந்திருக்கிறது. பால் ஆலனின் 'ஆக்டோபஸ்' 2015-ல் பிலிப்பைன்ஸ் கடலடியில் ஜப்பானின் 'முசாஷி' போர்க்கப்பலைக் கண்டுபிடித்தது. அதே ஆண்டு, 1941-ல் மூழ்கிய பிரிட்டனின் 'ஹூட்' போர்க்கப்பலின் மணியைக் கடலடியிலிருந்து எடுத்துக் கொடுத்தது.

ஆனால் அந்தத் தச்சரின் உளி பள்ளிக்கூடத்துக்கும் மருத்துவமனைக்கும் வேலை செய்யாதா? அந்த மணியை எடுக்கத் தேவைப்பட்டது ஆழ்கடல் கருவி. பக்கத்துப் படகைவிட ஒரு முழம் கூடுதல் எதற்குத் தேவைப்பட்டது?

இந்தப் போட்டியை யாராலும் தடுக்க முடியாது, பணம் கேட்கிற வழியை உலகம் விட்டுத்தான் ஆக வேண்டும் என்று சோர்ந்து பேசுகிறவர்கள் உண்டு. அவர்களுக்காக ஹாலந்தின் ராட்டர்டாம் நகரத்துக் கதையைச் சொல்லி முடிக்கலாம்.

ராட்டர்டாமில் ஒரு பழைய ரயில் பாலம். 1927-ல் திறந்தது. நம் பாம்பனில் 2025-ல் திறந்த புதிய பாலத்தைப் போல, கப்பல் வரும்போது அதன் நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழும்பும்படி கட்டியது. ஊர் மக்கள் அதை 'டி ஹெஃப்' என்பார்கள். தூக்கி என்று பொருள். 1940-ல் ஹிட்லரின் படை அந்த நகரத்தைக் குண்டுவீசிச் சிதைத்தது. பாலமும் அடிபட்டது. மக்கள் அதைச் சீர்செய்து எழுப்பினார்கள். 1993-ல் ரயில் சுரங்கப்பாதைக்கு மாறியபோது, இனி இது எதற்கு, இடித்துவிடலாம் என்ற பேச்சு வந்தது. மக்கள் விடவில்லை. போராடிக் காப்பாற்றி நாட்டின் நினைவுச் சின்னமாக்கினார்கள்.

2022 பிப்ரவரியில் ஒரு செய்தி வந்தது. அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸுக்காகப் பக்கத்து ஊரான அல்பிளாசர்டாமில் ஓஷன்கோ நிறுவனம் ஒரு பாய்மரப் படகு கட்டுகிறது. 127 மீட்டர் நீளம், மூன்று பாய்மரங்கள். பாய்மரங்களின் உயரம் 70 மீட்டர் அளவில். பாலம் தூக்கினாலும் அடியில் கிடைக்கும் இடைவெளி 40 மீட்டர் அளவில்தான். படகு கடலுக்குப் போக வேண்டும். என்ன செய்வது? பாலத்தின் நடுப்பகுதியைக் கழற்றி வைக்கலாம், படகு போனபின் மாட்டிக்கொள்ளலாம், செலவைப் படகுத் தரப்பு ஏற்கும். இதுதான் யோசனை.

நகரம் கொதித்தது. ஒரு மனிதரின் படகுக்காக ஊரின் பாலத்தைக் கழற்றுவதா? படகு வரும் நாளில் கரையில் நின்று அழுகிய முட்டை வீசுவோம் என்று அழைப்பு விடுத்தார்கள். ஆயிரக்கணக்கானோர் வருவதாகப் பதிவு செய்தார்கள். பதிவு செய்தவர்களின் கையில் பணம் இல்லை, பதவி இல்லை. பாலம் எங்களுடையது என்ற நினைப்பு மட்டும் இருந்தது. கோடையில் ஓஷன்கோ தன் கோரிக்கையைத் திரும்பப் பெற்றது.

2022 ஆகஸ்டில் ஒரு நாள், விடியலுக்கு முன், இழுவைப் படகுகள் அந்தப் பெரும்படகை அல்பிளாசர்டாமிலிருந்து இழுத்துப் போயின. வழக்கமான பாதையில் போகவில்லை. பாலத்தைத் தவிர்த்து, நகரத்தைச் சுற்றிக்கொண்டு வேறு நீர்வழியில் போனது. பாய்மரங்கள் அப்போது அதன் மேல் இல்லை. அவற்றைப் பின்னர் வேறு தளத்தில் நட்டார்கள். 'கோரு' என்ற பெயரோடு 2023-ல் அது கடலுக்குப் போயிற்று. ஹெலிகாப்டர் சுமக்க அதற்குத் துணையாக 75 மீட்டரில் இன்னொரு கப்பலும் வந்தது.

படகு நகரத்தைச் சுற்றிப் போன அன்று காலை ராட்டர்டாமில் வேலைக்குப் போனவர்கள் கோனிங்ஸ்ஹாவன் கால்வாய்க் கரையில் நடந்தபோது, இரண்டு கோபுரங்களுக்கு நடுவே அந்தப் பழைய இரும்புப் பாலம் மேலே தூக்கி நிறுத்தியபடியே நின்றது. ஓர் ஆணிகூடக் கழற்றப்படவில்லை.